மாமாவை வெளியில் நிற்கச் சொல்

போன ஞாயிறு தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் விளங்கவில்லை, மகன். "அம்மா, உங்கட கேள்வியெல்லாம் கொழும்புக்கும் வந்திட்டு. கிளினிக்கில என்னட்டயும் கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்ல எண்டு சொல்லிட்டன். இப்ப நான் பாசா பெயிலா?" என்று கேட்டாய். நானும் கூடச் சிரித்தேன். அடுப்பில் பால் கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. எனக்கு ஒரு விடயத்தைத் தனியே இருந்து யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்விகளை உன்னிடம் கேட்டபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? பிறகு கொழும்புக்கு எடுத்து மாமாவிடமே கேட்டேன். "நான்தான் இருந்தன், மறுகா ஆரு இருக்கிற?" என்றான் என் தம்பி, பெருமையோடு. "ஒரு கிளினிக் விட்டதில்லக்கா. லீவு போட்டுத்தான் போறன். டொக்டர் கேட்கிறதில பாதிக்கு நான்தான் மறுமொழி சொல்லுற. உங்கட மகன் வாய் துறந்தாத்தானே." படிக்கப் போன உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கும் அவன் அன்பில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதைக் கதைத்துச் சொல்ல எனக்கு வராது. நடுவில் நீ "சரி சரி" என்பாய், நான் அழுவேன். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலப் பிள்ளைகளை வெளியூரில் விட்டிருக்கும் மற்றத் தாய்மாரும் படித்தால் நல்லதுதான்.

உனக்கு இருபது வயது. ஆறு மாதத்துக்கு முன்னர் தாகம் தாகம் என்று தண்ணீர் குடித்து, காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்து போனபோதுதான் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். குளிசையில் சரிவராத வகை, ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். போடத் தொடங்கினாய், உடம்பு தேறினாய். போன மாதம் மறுபடியும் சீனி ஏறி, மூச்சு வாங்கி, உன்னை அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினார்கள். ஊசி ஒழுங்காகப் போடப்படவில்லை என்று வைத்தியர் சொன்னாராம். ஏன் போடவில்லை என்று மாமா கேட்டதற்கு "மறந்திட்டன்" என்றாயாம். திரும்பக் கேட்டதற்குக் கத்தினாயாம். நீ மறக்கிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்பில் யார் உன் கொம்பாசுப் பெட்டியை எடுத்தது என்பதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவன். அப்படியானால் ஊசியை ஏன் மறக்கிறாய்? உன்னைக் குற்றம் பிடிக்க இதைக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்கிறேன். இன்னொரு தரம் அப்படி மூச்சு வாங்கினால் உன்னைக் கொண்டு ஓட நேரம் இருக்குமோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியாது.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் கேள்வி கேட்பது எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் பிழையாகக் கேட்டுக் கேட்டே பழகியவள். நீ மடியில் கிடக்கும்போதே வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தவள் நான். உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயதுதான். பட்டம் கையில் வந்தபோது வேலை இல்லை. சுனாமி வந்த பிறகு வேலை தானாக வந்தது. நிறுவனம் நிறுவனமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஊர்ப் பட்டதாரிகள் தேவைப்பட்டார்கள். எத்தனை பேர் இருந்தீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள், தோணி இருந்ததா, கிணறு உப்பா என்று கேட்டுக்கொண்டு பெரியகல்லாற்றிலிருந்து வடக்கே குருக்கள்மடம் வரை நடந்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே அப்பாவின் தம்பியை, உன் சித்தப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அப்படியிருந்தும் அடுத்த வீட்டு வாசலில் நின்று "உங்கள் குடும்பத்தில் இழப்பு உண்டா" என்று கேட்டேன். சனங்களும் பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் வலை வரும், எதற்குத் தையல் மெசின் வரும், எதற்கு ஒன்றும் வராது என்பது கேட்ட எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

யுத்தம் முடிந்த வருடம் எனக்கு வைத்தியசாலையில் பயிலுனர் வேலை கிடைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சீனிக் கிளினிக்குக்குப் பொறுப்பாக இருந்த லேடி டொக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைத் தந்தார். அதில் சில கேள்விகள். கடந்த இரண்டு கிழமையில் மனம் சோர்ந்திருந்ததா, எதைச் செய்தாலும் விருப்பம் இல்லாமல் இருந்ததா, நித்திரை எப்படி, பசி எப்படி, களைப்பா, உங்களைப் பற்றி நீங்களே தாழ்வாக நினைக்கிறீர்களா, கடைசியாக, செத்துப்போனால் நல்லது என்ற நினைவு வருகிறதா. எனக்குப் புதினமாக இருந்தது. சீனிக்கு இரத்தம் எடுக்கிறார்கள், கண் பார்க்கிறார்கள், கால் பார்க்கிறார்கள், சரி. இது எதற்கு என்று கேட்டேன். "சீனியோட இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வாறது மற்ற ஆக்களை விடக் கூட" என்றார் டொக்டர். "மனம் சோர்ந்தா மருந்து போட மாட்டாங்க, நடக்க மாட்டாங்க, சீனி ஏறும். சீனி ஏற ஏற மனம் இன்னும் இறங்கும். ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சு இழுக்கும். நாங்க ஒண்டுக்குத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கம்." பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "கஷ்டம் என்னெண்டா, ரெண்டும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். களைப்பு, நித்திரையில்ல, சாப்பாடு கூட அல்லது குறைய. சீனியெண்டு நாங்க நினைச்சிருவம். அதால வாயால கேட்டுத்தான் பார்க்கணும்."

முதல் கிளினிக் நாளை நீ பார்த்திருக்க வேண்டும். நான் மேசையைப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியைத் தாளில் இருந்தபடியே வாசித்தேன். முன்னால் இருந்த அம்மா காதோடு காதாகக் கேட்டா, "மகள், இது வீட்டுத் திட்டமா, கோழித் திட்டமா?" இது ஒரு திட்டமும் இல்லை, உங்கள் மனதைப் பற்றி அறியத்தான் என்றேன். அவ நம்பவில்லை. "எல்லாத்துக்கும் ஓம் எண்டு போடுங்க. போன தரம் இல்லையெண்டு சொல்லி எனக்கு ஒண்டும் கிடைக்கல்ல." அவவுக்குப் பின்னால் இருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்று பகல் வரைக்கும் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் ஓம். செத்துப்போனால் நல்லதா என்றதற்கு ஒருவர், "அதுக்கும் ஓம் போட்டாத்தான் முழுசாக் கிடைக்குமா?" என்று கேட்டார். பகலுக்குப் பிறகு காற்று மாறியது. யாரோ ஒருவர், இது பெயர் எடுக்கிற வேலை, எங்கே போய்ச் சேருமோ தெரியாது என்று சொல்லிவிட்டார். யுத்தக் காலத்தில் பெயர் எழுதிய பிறகு ஆளைத் தேடி வந்ததைக் கண்ட எங்கள் சனங்களுக்கு அது எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா? பிறகு வந்த எல்லாரும் எல்லாவற்றுக்கும் இல்லை. காலையில் முழு ஊருக்கும் மனச்சோர்வு, பின்னேரம் ஒருவருக்கும் இல்லை. டொக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு நேரத்தில சோத்துக்குள்ள ஏதும் போட்டீங்களோ?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதற்குள் இன்னொன்றும் இருந்தது. அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கிளினிக்குக்கு யாரும் தனியாக வருவதில்லை. மனிசனோடு மனிசி வருவா, தாயோடு மகள் வருவாள், ஒருவரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். கேள்வியை நோயாளியிடம் கேட்டால் பதில் பக்கத்துக் கதிரையிலிருந்து வரும். "நித்திரையா? இவர் விடுற குறட்டையில எனக்குத்தான் நித்திரையில்ல." "பசியா? போட்டதெல்லாம் திண்டுறார்." நோயாளி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது வசதியாகவே இருந்தது. வேலை கெதியாக முடிந்தது.

இனி உன் அப்பாவுக்கு வருகிறேன். அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, ஆனா என்னைக் கதாநாயகன் ஆக்கிப் போடாத" என்றார். அப்பாவுக்குச் சுனாமிக்கு அடுத்த வருடம் சீனி என்று தெரிந்தது. குளிசை போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்வந்தார். அவரும் சித்தப்பாவும் ஒரே தோணியில் போனவர்கள், ஒருவர் கம்பு ஊன்ற மற்றவர் வலை வீச. பிறகு நிவாரணமாக வந்த தோணியில் தனியாகப் போனார். அந்த வருடங்கள் முழுக்க அவர் வாய் ஓயவில்லை, பகிடியும் குறையவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்து, "என்ட படத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாப் போயிட்டு" என்பார். யுத்தம் முடிந்து, ஆற்றில் இறங்க இருந்த நேரக் கட்டுப்பாடு தளர்ந்து, ஊரே மூச்சு விட்ட அந்தக் காலத்தில்தான் அவர் மெல்ல மெல்லக் குறைந்தார். குறைந்தார் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. காலையில் போவார், வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். வேலையில் ஒரு குறையும் இல்லை. களைப்பு என்பார். சீனி கூடியிருக்கும் என்று நினைத்தோம். டொக்டரும் குளிசையைக் கூட்டினார்.

அப்போது நீ உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "என்னம்மா இது, எந்த நாளும் கெழுத்தி? அப்பா வேற மீன் பிடிக்கிறதில்லையா?" என்று கேட்டாய். நான் உன்னைத்தான் ஏசினேன், தந்ததைச் சாப்பிடு என்று. ஆனால் நீ கேட்டது மனதில் கிடந்தது. உனக்குத் தெரியும், மீன் வியாபாரி வந்து நிறுக்க முன்னர் கறிக்கு மீன் தெரிந்து எடுப்பது அப்பாவின் வழக்கம். கொடுவா பட்டால் அதை வியாபாரியின் கண்ணில் காட்டாமல் ஒளித்துக்கொண்டு வருவார். ஓராவைத் தூக்கிச் செவுளைப் பார்த்து, "இண்டைக்கு நீ என்ட வீட்டுக்கு வாறாய்" என்று அதனோடு கதைப்பார். இப்போது வியாபாரி எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டு போக, தோணிக்குள் மிஞ்சிக் கிடப்பதுதான் வீட்டுக்கு வருகிறது என்று பிறகுதான் கண்டேன். தெரிந்து எடுப்பதை அவர் விட்டுவிட்டார். அதைப் பார்த்தும் நான் நினைத்தது, பாவம், களைத்துப் போனார் என்று.

அடுத்த கிளினிக்கில் அப்பாவின் முறை வந்தபோது மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கூட வந்த ஆளும் நான்தான், கேட்கிற ஆளும் நான்தான். எதைச் செய்தாலும் விருப்பம் இல்லாமல் இருக்கிறதா என்று வாசித்தேன். "வீட்டில கேட்கிறது காணாதெண்டு இஞ்சயும் கேட்கிறாவே, இதுக்குச் சம்பளம் வேற" என்றார், வரிசையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றார். நானும் இல்லை என்று எழுதினேன். பகிடி விடுகிற மனிதருக்கு என்ன சோர்வு?

பிறகுதான் காலில் கெழுத்தி முள் குத்தியது. உனக்குத் தெரிந்தது அந்த முள் மட்டும்தான். முள் குத்திச் சில நாட்கள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீனிக்காரரின் காலில் சின்னக் காயம் என்றாலும் அன்றைக்கே காட்ட வேண்டும் என்று நூறு தரம் கேட்ட மனிதர். வீங்கிச் செருப்புக்குள் கால் போகாத பிறகுதான் நான் கண்டேன். வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காயத்துக்கு மருந்து கட்டும் தாதி, மிஸ்ஸி என்போம், கல்முனைப் பக்கத்தவ, நல்ல வயது, வாய் கொஞ்சம் கடுமை. காயத்தைப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தையும் பார்த்தா. "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றா என்னிடம். நான் இங்கேதான் வேலை செய்கிறவள், நிற்கிறேன் என்றேன். "இஞ்ச நீங்க வேலை செய்யல்ல, பெண்சாதி. வெளிய நில்லுங்க." கதவைச் சாத்திவிட்டா. நான் நடைவழியில் நின்றேன். மருந்து கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட நேரம் போனது. டொக்டரும் உள்ளே போனார். கதவில் காதை வைக்கத்தான் நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தபடியால் வைக்கவில்லை. வெளியே வந்த டொக்டர், காலுக்கும் மருந்து, மனதுக்கும் மருந்து, கிழமைக்கு ஒருநாள் ஒரு ஆலோசகரோடு கதைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நான் தொடங்கிவிட்டேன். என் குணம் உனக்குத் தெரியும்தானே.

"என்ன கேட்டாங்க?"

"நீ கேட்டதுதான். அதே கேள்வி."

"என்ன சொன்னீங்க?"

அப்பா றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் எண்டன்."

"எதுக்கு?"

"கனத்துக்கு. பாதிக்கு மேல."

"மறுகா ஏன் என்னட்ட இல்லையெண்டு சொன்ன நீங்க?"

ஒரு பஸ் வந்தது. அது எங்களுடையது இல்லை. அது போன பிறகு சொன்னார். "நாம இருக்கிறது உன்ட வீடு புள்ள. உன்ட தாய் தகப்பன் உனக்குத் தந்தது. நான் அதுக்குள்ள வந்து இருக்கிறவன். எனக்கு ஒண்டிலயும் மனமில்ல எண்டு அதுக்குள்ள இருந்துகொண்டு எப்படிச் சொல்லுற? நீ உன்ட சமையலில பிழையெண்டு நினைப்பாய், உன்ட ஆக்கள் தங்கட கவனிப்பில பிழையெண்டு நினைப்பாங்க." பிறகு, "மற்றது, சொன்னா நீ யோசிப்பாய். நீ சாப்பிடாமக் கிடந்து யோசிப்பாய். மறுகா நான் உன்னைத் தேற்றணும். எனக்கு அதுக்குத் தெம்பில்ல. மிஸ்ஸி யோசிக்கல்ல. சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிப்போட்டு மருந்து கட்டினா."

மகன், நீ பிறந்த ஊரில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுக்குச் சீதனம். நமக்கு அது பழக்கம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தேன். இருபது வருடமாக ஒரு மனிதர் அந்த வீட்டில் மரியாதையாகவே வாழ்ந்திருக்கிறார், சோறு போடும்போது ஒரு விருந்தாளி "காணும், காணும்" என்று கையை மறிப்பது மாதிரி. பகிடியும் அந்த மரியாதையில் ஒரு பங்குதான் போலிருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு ஏன் இப்படி வந்தது, சித்தப்பா போன நேரத்தில் வரவில்லையே என்று இன்னொரு நாள் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை நான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "பயம் இருந்த வரைக்கும் பயப்படுறதே வேலையாக் கிடந்திச்சு. அது போன பிறகு அந்த இடம் சும்மா கிடக்கு. அதுக்குள்ள அவன் வந்து இருந்திட்டான்." இது எல்லாருக்கும் பொருந்துமா என்று தெரியாது. டொக்டரிடம் கேட்டேன், அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் ஆறுதலான காலம் வந்த பிறகு சோர்ந்தவர்களை நான் கிளினிக்கில் வேறும் கண்டிருக்கிறேன்.

அப்பா கதைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கிழமைகள் எடுத்தன. ஒரு விரல் போய்த்தான் கால் ஆறியது. முதல் குளிசை ஒத்துவரவில்லை, மாற்றினார்கள். ஆலோசகரிடம் போக மாட்டேன் என்று இரண்டு தரம் நின்றுவிட்டார். சீனி இறங்கியது, பிறகு ஏறியது, பிறகு இறங்கியது. ஒரு நாள் காலையில் கரைப் பக்கம் பெரிய சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். அப்பா வியாபாரியோடு சண்டை. "இறாலுக்கு இந்த விலையா? இதைவிட நான் திரும்பி ஆத்துக்குள்ளயே விட்டிருவன், அதுகளாவது என்னை வாழ்த்தும்." வியாபாரி காத்தான்குடிக்காரர், அவரும் விடவில்லை. "விடுங்க மச்சான், நானும் வந்து கை தட்டுறன்." நான் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சண்டையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோசப்பட்டது அதுதான் முதல் தரம்.

அதன் பிறகு கிளினிக்கில் நாங்கள் முறையை மாற்றினோம். கூட வந்தவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிடுவோம்; போகாதவர்களை மிஸ்ஸி அனுப்பிவிடுவா. இதற்கு ஒன்றும் கிடைக்காது, இது எங்கும் போகாது, இந்த மேசைக்கும் டொக்டருக்கும் இடையில்தான் என்று முதலிலேயே சொல்வேன். தாளில் உள்ள கேள்வியைத் தாளில் உள்ளபடி கேட்பேன், அதில் கை வைக்க டொக்டர் விடமாட்டார். ஆனால் அதற்கு முதல் கொஞ்சம் கதைப்பேன். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு விவசாயி வருவார். இடம்பெயர்ந்து அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பப் போய் விதைத்தவர். மனம் சோர்வா என்றால் "அப்படி ஒண்டுமில்ல தங்கச்சி" என்பார். அவரிடம், பின்னேரங்களில் வேலை இல்லாவிட்டாலும் வட்டைப் பக்கம் போய் வயலைப் பார்த்துவிட்டு வருவீர்களா என்று கேட்டேன். "முந்திப் போவன். இப்ப பச்சையைக் கண்டாலும் ஒண்டும் தோணுதில்ல" என்றார். அதற்குப் பிறகுதான் தாளில் உள்ள கேள்வி அவருக்கு விளங்கியது. விருப்பம் என்பது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அது எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் அது போய்விட்டதா என்று கேட்க முடியும்.

உன்னுடையது எங்கே இருந்தது என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். கிரிக்கெட் ஆட்டம் நடக்கிற நாளில் தொலைபேசி எடுத்தால் எனக்கு விளங்காது என்று தெரிந்தும் முழுவதையும் சொல்லுவாய். யார் எப்படி அவுட்டானான், நடுவர் எங்கே பிழைவிட்டார் என்று. "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே நான் தேங்காய் துருவி முடித்துவிடுவேன். இப்போது எடுத்தால் "சாப்பிட்டீங்களாம்மா, அப்பாட கால் எப்படி" என்று கேட்கிறாய். நல்ல பிள்ளையாகக் கேட்கிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாமா வீட்டில் நீயும் ஒரு விருந்தாளி. அவர்கள் உனக்கென்று சீனி இல்லாத தேநீர் போடுகிறார்கள், உனக்கென்று சிவப்பரிசி ஆக்குகிறார்கள், உனக்காக லீவு எடுக்கிறார்கள். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒன்றிலும் மனமில்லை என்று அவர்களுக்கு முன்னால் எந்த வாயால் சொல்லுவாய்? எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஊருக்கு எடுத்து அம்மாவுக்குப் பகிடியும் விடுவாய். உன் அப்பாவும் அப்படித்தான் சிரித்தார்.

நான் நினைப்பது பிழையாக இருக்கலாம். இருபது வயதுப் பிள்ளைக்கு நண்பர்களுக்கு முன்னால் ஊசி போட வெட்கமாக இருக்கலாம். ஊசி அலுத்துப் போயிருக்கலாம். படிப்பு நெருக்கலாம். வெறும் சீனிதான் என்றால் எனக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் இரண்டும் ஒரே உடுப்பில் வரும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். தொலைபேசியில் குரலைக் கேட்டு எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தாய்க்கு எல்லாம் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை, மகன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தும் எனக்குப் பக்கத்தில் படுத்த மனிதரையே எனக்குத் தெரியவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற கிளினிக்குக்கு மாமாவோடு போ. ஆனால் உள்ளே போகும்போது அவனை வெளியில் நிற்கச் சொல். உனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்று நானே அவனுக்குச் சொல்லிவிட்டேன். "நான் என்ன பிழை விட்டன்?" என்று கோபப்பட்டான், பிறகு, எதிரில் உள்ள கடையில் நிற்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். தனியாக இருந்து, போன தரம் கேட்ட கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள், போன தரம் சரியாகச் சொல்லவில்லை என்று சொல். அவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், நாங்கள் நினைப்பதில்லை. ஓம் என்றால் ஓம் என்று சொல். இல்லை என்றால் இல்லைதான். ஊசியை ஏன் மறக்கிறாய் என்பதையும் அங்கேயே சொல், காரணம் எதுவாக இருந்தாலும். அந்தத் தாளின் கடைசிக் கேள்விக்கு மட்டும் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காதே. அந்த நினைவு ஒரு நாள் வந்தாலும் அந்த நாளே யாரிடமாவது சொல்லு, மாமாவிடம் என்றாலும், ஆஸ்பத்திரியில் என்றாலும், நடுச்சாமத்தில் என்னிடம் என்றாலும். அந்தக் கேள்விக்கு உன் அப்பா என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர் ஆற்றிலிருந்து திரும்பி வருகிறார். எனக்கு அது போதும்.

மற்றதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வந்தேன். உன் காய்ச்சலையும், சோதனை மாக்சையும், யாரோடு திரிகிறாய் என்பதையும் கேட்டுக் கேட்டு அறிந்தவள் நான். இதையும் அறிய எனக்கு ஆசைதான். ஆனால் நீ எனக்குச் சொன்னால் நான் யோசிப்பேன். நான் யோசிக்கிறேன் என்று நீ யோசிப்பாய். பிறகு ஊசியோடு சேர்த்து என்னையும் நீ பார்க்க வேண்டி வரும். யோசிக்காமல் கேட்டுத் தலையாட்ட அங்கே ஒரு ஆள் இருக்கிறார். அவரிடம் சொல்லு.

கிளினிக் முடிந்த அன்று பின்னேரம் நான் எடுப்பேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணத்தான் நினைத்தேன், என்னால் முடியாது. கேட்கத்தான் கேட்பேன். அப்போது நீ, "அம்மா, அங்க மழை பெய்யுதா?" என்று கேள். நான் மழையைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா